இருபத்தேழாம் எண்

தக்வாரெம்போவில் மார்ச் கடைசி.
பகல் நாளுக்கு இரண்டு நிமிடம் தேய்கிறது.
காலண்டர் பார்க்கும் எனக்கு முன்பே
ஆடுகளுக்கு அது தெரிந்துவிடுகிறது.

கொட்டகையில் பன்னிரண்டு பெட்டைகள், கொரியடேல் இனம்.
பன்னிரண்டுக்கும் சினைப்பை எடுத்தாயிற்று.
ஆறுக்கு எஸ்ட்ராடியால் கலந்த எள்ளெண்ணெய்,
ஆறுக்கு வெறும் எண்ணெய்.
எதற்கு எது, வாஷிங்டனுக்கு மட்டும் தெரியும்.
(வாஷிங்டன் ஒலிவேரா. எங்கள் பக்கம்
பெயர் கிடைக்காவிட்டால் பூகோளப் புத்தகத்தைத் திறப்பார்கள்.)
எனக்குத் தெரிந்தது காதுவில்லை எண்கள்தான்.

பத்து நிமிடத்துக்கு ஒரு குழாய் இரத்தம்,
இரவு முழுக்க.
நடுவில் மாத்தே உறிஞ்ச நேரமிருக்காது.
வெந்நீர் ஆறிப்போகும்.
இருபத்தேழு
என் கோட்டுப் பொத்தானை மென்றபடி நின்றது.
கடாவின் வாடை காற்றில் வந்தபோது
மூக்கைத் தூக்கியது.
'இதற்கு ஹார்மோன்தான்' என்றேன்.
ஒரு பொட்டலம் மாத்தே பந்தயம்.
வாஷிங்டன் வாயைத் திறக்கவில்லை.

பிறகு நடந்ததை எழுத மாட்டேன்.
பன்னிரண்டு மூளைகள், உறைபெட்டி,
தலைமுடியைவிட மெல்லிய சீவல்கள்.

எஸ்ட்ராடியால் கதவு தட்டாது.
கொழுப்பில் கரையும் குணம்,
செல்லின் சுவருக்குள் ஊறிப் போய்விடும்.
உள்ளே அதற்கென்றே ஒருவன் காத்திருப்பான்.
இருவரும் கைகோத்து
உட்கருவின் பெரிய கட்டில்
ஒரே ஒரு பக்கத்தைத் திறப்பார்கள்.
அந்தப் பக்கம் நகலாகும்.
நகல் வெளியே வரும்.
வெளியே ரைபோசோம், படிக்கப் படிக்க
ஒரு மணி, இன்னொரு மணி என்று கோக்கும்.
கோத்து முடித்தால் புரதம்.

எந்தப் புரதம் என்பதில்தான் எனக்கு வியப்பு.
அடுத்த ஹார்மோன், புரோஜெஸ்ட்ரான்,
இன்னும் புறப்படவேயில்லை
(இந்த ஆடுகளில் புறப்படப் போவதுமில்லை);
அதை ஏற்கும் புரதத்தை
இது செய்து வைக்கிறது.
வராத விருந்துக்கு இலை போட்டுத்
தண்ணீர் தெளித்து வைப்பது மாதிரி.

பிட்யூட்டரியிலும் இதன் கை உண்டு:
மூளையிலிருந்து வரும் தூதைக் கேட்கக்
கூடுதல் காதுகள் செய்யச் சொல்லும்.
முதலில் அடக்கும், சத்தம் போடாதே என்னும்.
பிறகு, போதுமான நேரம் நின்றுவிட்டால்,
அதே வாய்தான்
ஊற்று என்னும்.

சாயம் ஏற்றிய கண்ணாடித் தகட்டில்
போட்ட இலைகள் பழுப்புப் புள்ளிகளாய்த் தெரியும்.
எண்ணுவது என் வேலை.
பதினொன்றாம் எண்: இருநூற்றுப் பதினாறு.
முப்பத்தொன்று: நூற்றுத் தொண்ணூறு.
இருபத்தேழு:
மூன்று.
விளக்கைக் கூட்டிப் பார்த்தேன். மூன்றுதான்.
அதிலும் ஒன்று தூசியாக இருக்கலாம்.

வெறும் எண்ணெய்.

வாஷிங்டன் இரத்தக் கணக்கை நீட்டினார்.
ஹார்மோன் பெற்றவற்றின் கோடு
நெடுநேரம் தரையில் படுத்துக் கிடந்து
ஒரே மூச்சில் மலையாகியிருந்தது.
இருபத்தேழின் கோடு சீப்பு.
மணிக்கொரு பல், விடியும்வரை.
அடக்க ஆளில்லாத பிட்யூட்டரி
எழுதிக்கொண்டேயிருந்திருக்கிறது,
பூட்டிய வீட்டுக்கு.

எனக்கு ஐம்பத்திரண்டு.
நாலு டிகிரி குளிர் அறையில் தகடு அடுக்கும்போது
கழுத்திலிருந்து கொதி ஏறும்.
கோட்டைக் கழற்றிவிட்டு நிற்பேன்.
டாக்டர் ஸுல்மா தந்த சீட்டில்
இதே ஹார்மோனின் பக்கத்தில்
மேல்நோக்கி ஓர் அம்பு.
'வயசுக்குச் சரியான அளவுதான், ஓடிலியா.'
அளவு என்றுதான் அன்று கேட்டுக்கொண்டேன்.
இன்று சீப்பைப் பார்த்ததும்
பொத்தான் போன இடத்தை
விரலால் தடவிக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் அந்த ராத்திரி
மூக்கைத் தூக்கி அது மோந்தது எதை?
வாஷிங்டனிடம் கேட்டேன்.
'மழையாக இருக்கும்' என்றார்.

தோற்ற பொட்டலத்தைக் கொடுத்தேன்.
அங்கேயே பிரித்து, வெந்நீர் ஊற்றி
முதல் முறை எனக்கு நீட்டினார்.
குளிர் அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு
சுடச்சுடக் குடித்தோம்.